எந்திரம் தூக்கலாம், தாங்குவது யார்?

நோயாளிக்குச் செய்யும் பணிவிடைகளுள் மிகக் கடினமானது எது என்று, படுக்கையோடு கிடக்கும் ஒருவரை ஆண்டுக்கணக்கில் பேணி வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். மருந்து கொடுப்பது என்று அவர் சொல்லமாட்டார். இரவில் கண் விழிப்பது என்றும் சொல்லமாட்டார். "தூக்குவதுதான்" என்பார். தானாக அசைய இயலாத உடல் தூக்குகிறவர் கையில் இரு மடங்கு கனக்கும். 50 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றும் தொழிலாளி, மூட்டைக்கு வலிக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பக்கவாதத்தால் விழுந்துவிட்ட தாயைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் மகளோ, தன் இடுப்பு நோவதைப் பொருட்படுத்தாமல், தாய்க்கு நோகாதபடி தூக்க வேண்டும். அதையும் ஒரே நாளில் ஏழெட்டு முறை செய்ய வேண்டும்.

இச்சுமையை ஓர் எந்திரம் ஏற்றுக்கொண்டால் என்ன? இந்தக் கேள்வியை வேறெந்த நாட்டையும்விட ஆழமாகக் கேட்டுப் பார்த்த நாடு ஜப்பான். 'ரோபோ' என்னும் இயந்திர மனிதனையும், செயற்கை அறிவு என்று இன்று வழங்கப்படும் கணிப்பொறி ஆற்றலையும், நோயாளியின் கட்டிலருகே கொண்டுவர அந்நாடு பல பத்தாண்டுகளாக முயன்று வருகிறது. அம்முயற்சியில் அது பெற்ற வெற்றிகளும் அடைந்த ஏமாற்றங்களும், முதியோரையும் ஊனமுற்றோரையும் பேணும் எல்லா இல்லங்களுக்கும் பாடமாக அமைந்துள்ளன.

முதுமை எய்திய நாடு

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான அரசுக் கணக்கின்படி, ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்கள் 3 கோடியே 62 லட்சம் பேர். அதாவது 100 பேருக்கு 29 பேர். ஒரு காலத்தில் அந்நாட்டிலும் முதியோரைப் பேணும் கடமை பெரும்பாலும் வீட்டு மருமகளின் தலையிலேயே விழுந்தது. குடும்பங்கள் சிறுத்தன, பெண்கள் வேலைக்குச் சென்றனர், பேணுவோரே முதுமை அடைந்தனர். ஆகவே 2000ஆம் ஆண்டில் 'நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு' என்னும் திட்டத்தை அரசு தொடங்கியது. 40 வயதான ஒவ்வொருவரும் அதற்குப் பணம் கட்டுகின்றனர். தளர்ந்த காலத்தில் வீட்டிலோ இல்லத்திலோ பணிவிடை பெறுகின்றனர்.

பணம் சேர்ந்தது, ஆள் சேரவில்லை. 2022இல் பராமரிப்புப் பணியாளர்கள் ஏறத்தாழ 21 லட்சத்து 50 ஆயிரம் பேர் இருந்தனர். 2040இல் 27 லட்சத்து 20 ஆயிரம் பேர் தேவைப்படுவர் என்று நலத்துறை அமைச்சகம் 2024 ஜூலையில் கணக்கிட்டது. இடையிலுள்ள பள்ளம் 5 லட்சத்து 70 ஆயிரம் பேர். இப்பள்ளத்தை நிரப்ப இந்தோனேசியாவிலிருந்து 2008 முதலும், பிலிப்பைன்சிலிருந்து 2009 முதலும், வியட்நாமிலிருந்து 2014 முதலும் பணியாளர்களை ஜப்பான் வரவழைத்தது. பராமரிப்புப் பணி உட்படப் பல துறைகளுக்கு ஆட்களைப் பெறுவதற்காக இந்தியாவுடனும் 2021 ஜனவரியில் உடன்படிக்கை செய்துகொண்டது. அயல்நாட்டாரை அழைத்த அதே வேளையில், எந்திரத்தையும் அது அழைத்தது.

கரடி முகமும் அகன்ற கரங்களும்

2015 பிப்ரவரியில் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரு படம் வெளிவந்தது. வெண்கரடியின் முகம் கொண்ட ஓர் எந்திரம், ஒரு பெண்மணியைத் தன் இரு கரங்களிலும் ஏந்தி நின்றது. 'ரோபேர்' என்பது அதன் பெயர். ஜப்பானின் ரிக்கேன் ஆய்வு நிறுவனத்தில் தோஷிஹாரு முக்காய் என்பவரின் தலைமையில் உருவாயிற்று. படுத்திருப்பவரைத் தூக்கி நாற்காலியில் அமர்த்தவும், எழ முயல்பவருக்குக் கைகொடுக்கவும் அதனால் முடியும் என்றனர். படத்தைக் கண்டவர் பலரும், இனிச் செவிலியரின் இடுப்பு வலி தீர்ந்தது என்றே எண்ணியிருப்பர்.

ஆனால் அந்தக் கரடி விற்பனைக்கு வரவேயில்லை. ஆராய்ச்சிக் கருவியாகவே நின்றுவிட்டது. அதன் எடை 140 கிலோ. ஒரு மனிதரைத் தூக்கும்போது கவிழாதிருக்க எந்திரம் கனமாக இருந்தாக வேண்டும். கனமான எந்திரம் நலிந்த உடலருகே ஒரு விரற்கடை தவறினாலும் ஆபத்து. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் ஒருக்களித்துச் செல்லும் அறைகளில் அது திரும்புவதற்கே இடம் வேண்டும்.

வியப்பூட்டிய கரடி பின்தங்கிவிட, வியப்பூட்டாத கருவிகள் வேலையைச் செய்தன. உடலுக்கடியில் துணித் தொட்டிலைச் செருகி மெல்ல உயர்த்தும் தூக்குக்கருவி, படுக்கையில் உடலை வழுக்கி நகர்த்த உதவும் விரிப்பு, சக்கர நாற்காலிக்கு மாறுவதற்கான பலகை ஆகியவையே அவை. பணியாளரின் இடுப்பு வலியைத் தடுப்பதற்காக 2013இல் திருத்தி வெளியிடப்பட்ட ஜப்பானிய அரசின் வழிகாட்டி நெறிகள், மனிதரை மனிதர் வெறுங்கையால் தூக்குவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றே கூறுகின்றன. தூக்குகிறவரின் முதுகும் காக்கப்பட வேண்டிய முதுகுதான் என்பதை ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று.

நடக்க விரும்பும் கால்களுக்கு

தளர்ந்தவரைத் தூக்கிச் செல்வது ஒரு வகை உதவி. தாமே எழுந்து நடக்கச் செய்வது வேறொரு வகை. இந்த இரண்டாம் வழியை மேற்கொண்டவர் சுக்குபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுக்கி சங்காய். அவர் 2004இல் நிறுவிய சைபர்டைன் நிறுவனம், 'ஹால்' என்னும் கருவியைச் செய்தது. கால்களின் இருபுறமும் கவசம்போல் அணிந்துகொள்ளும் கருவி அது.

'நட' என்று நாம் எண்ணும்போது, மூளையிலிருந்து அக்கட்டளை நரம்புகளின் வழியே தசைகளுக்கு மின்குறியாகச் செல்கிறது. அதன் நுண்ணிய சாயல் தோலின் மேற்பரப்பிலும் தோன்றும். நோயால் தசை நலிந்தவருக்குக் கட்டளை வந்தாலும் கால் எழுவதில்லை. தோலில் ஒட்டிய உணர்கருவிகள் அம்மெல்லிய குறியைப் பிடித்துக்கொள்ள, கணிப்பொறி அதனைப் புரிந்துகொண்டு மூட்டுகளிலுள்ள மோட்டார்களை இயக்குகிறது. கால் அசைகிறது. அசைந்த உணர்வு மீண்டும் மூளைக்குச் செல்கிறது. இவ்வாறு திரும்பத் திரும்பப் பயிலும்போது நடை மேம்பட வழி பிறக்கிறது.

தசைச்சிதைவு உள்ளிட்ட எட்டு வகை நோய்களுக்கு இதனை மருத்துவக் கருவியாக ஜப்பான் அரசு 2015 நவம்பரில் ஏற்றது. மறு ஆண்டு மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்தது. அமெரிக்க அரசின் அனுமதி 2017 டிசம்பரில் கிடைத்தது. இக்கருவி நோயை வேரறுப்பதில்லை. எனினும், அணிந்தவரின் விருப்பத்திற்காகக் காத்திருந்து, அவர் எண்ணிய பிறகே அது அசைகிறது என்பது நம் சிந்தனைக்குரியது. எந்திரம் ஏவலனாக நிற்க, நோயாளி தலைவராக இருக்கிறார்.

நாணத்தைக் காக்கும் கருவிகள்

எந்திரம் குளிர்ந்தது, மனிதக் கரம் இதமானது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நோயாளியின் நிலையில் நின்று பார்த்தால் அது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. ஒவ்வொரு கவளத்தையும் பிறர் கையால் உண்ண வேண்டிய ஒருவர், அடுத்ததாகச் சோறு வேண்டுமா, குழம்பு வேண்டுமா என்பதையும் பிறர் விருப்பத்திற்கே விட்டுவிடுகிறார். ஊட்டுகிறவருக்கு நேரமாகிறதே என்று பசி ஆறுமுன் 'போதும்' என்று சொல்லிவிடுகிறவர் எத்தனை பேர்!

ஜப்பானின் செக்கோம் நிறுவனம் 2002இல் 'மை ஸ்பூன்' என்னும் ஊட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கை வழங்காதவர் தம் தாடையால் ஒரு சிறு நெம்புகோலை அசைத்து, தட்டிலுள்ள எந்தப் பகுதியிலிருந்து உணவு வேண்டும் என்று காட்டலாம். கரண்டி அதை எடுத்து வாயருகே கொண்டுவந்து நிற்கும், அவசரப்படுத்தாது, முகம் சுளிக்காது. ஊட்டும் வேலையிலிருந்து விடுபட்ட மனைவி, எதிரே அமர்ந்து தானும் சூடாக உண்ணலாம். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் உண்பது அவ்வீட்டில் பெரும் பேறு அன்றோ?

கழிப்பறைத் தேவை இதனினும் நுட்பமானது. 'டிஃப்ரீ' என்னும் சிறு கருவியை அடிவயிற்றில் ஒட்டிவைத்தால், செவிக்கெட்டாத ஒலியலைகளால் சிறுநீர்ப்பை எவ்வளவு நிறைந்துள்ளது என்று அளந்து, பணியாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கும். 2017 முதல் இல்லங்களில் பயன்படத் தொடங்கிய இவ்வகைக் கருவிகள், 2022இல் பராமரிப்புக் காப்பீட்டிலும் சேர்க்கப்பட்டன. படுக்கை நனைந்த பின் துணி மாற்றுவதற்கும், நனையுமுன் கைபிடித்து அழைத்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை, அந்நிலையில் இருந்தவரே அறிவார். மனிதரின் மானத்தைக் காப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதிதான்.

கடல்நாய்க் குட்டியின் கதை

உடலுக்கு உதவும் கருவிகள் போதாவென்று, உள்ளத்திற்கும் ஒரு கருவி செய்தனர். தக்கனோரி ஷிபாத்தா என்னும் அறிஞர் 1993இல் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்தது 'பாரோ'. சீல் எனப்படும் கடல்நாயின் வெண்ணிறக் குட்டியைப் போன்ற மென்மயிர்ப் பொம்மை அது. தடவினால் கண் சிமிட்டும். குரல் கேட்டால் தலை திருப்பும். வைத்த பெயரைக் கற்றுக்கொள்ளும். நாயோ பூனையோ செய்தால், பழகிய உயிரோடு ஒப்பிட்டுக் குறை காண்பர் என்பதால், மக்கள் அருகிருந்து பழகாத கடல்நாயைத் தேர்ந்தெடுத்தனர். 2005இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இதனை, 2009இல் அமெரிக்க அரசு மருத்துவக் கருவியாக ஏற்றது. நினைவு மங்கிய முதியோர் பலர் இதனை மடியில் வைத்து அமைதி அடைந்ததும், பேசாதிருந்தோர் இதனைக் கண்டு பேசத் தொடங்கியதும் உண்மை.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் ரைட் என்னும் மானிடவியல் ஆய்வாளர், ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் மாதக்கணக்கில் உடனிருந்து, அங்கே கொண்டுவரப்பட்ட மூன்று எந்திரங்களைக் கவனித்தார். 'ரோபோக்கள் ஜப்பானைக் காப்பாற்றா' என்னும் பொருள்பட அவர் எழுதிய ஆங்கில நூல் 2023இல் வெளிவந்தது. அவ்வில்லத்து மூதாட்டி ஒருவர், பாரோ அருகில் இல்லாமல் உண்ணவும் உறங்கவும் மறுத்தார். வேறொருவர் அதன் தோலை உரிக்க முயன்றார். ஆகவே பொம்மையோடு முதியோரை விட்டுச் செல்ல முடியாமல், இருவரையும் பார்த்துக்கொள்வது பணியாளருக்குப் புதிய வேலையாயிற்று. தழுவல் என்று பொருள்படும் 'ஹக்' என்னும் தூக்குமெந்திரத்தை அறைக்கு அறை தள்ளிச் செல்வதற்கே நேரம் போயிற்று. முதியோரோடு பேசும் நேரம் குறைந்தது. சில நாட்களில் அதனை ஓரமாக வைத்துவிட்டனர். 'பெப்பர்' என்னும் பேசும் ரோபோ உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தது. முதியோர் அதனைப் பின்பற்ற வேண்டுமானால், பணியாளர் ஒருவர் அதன் அருகில் நின்று, அது சொன்னதையே திருப்பிச் சொல்லி, அது செய்ததையே செய்துகாட்ட வேண்டியிருந்தது!

ஆளைக் குறைக்க வந்த எந்திரத்திற்கே ஆள் தேவைப்பட்டது. 2019இல் 9,000க்கும் மேற்பட்ட இல்லங்களில் எடுத்த கணக்கில், ஏறத்தாழ பத்தில் ஓர் இல்லமே பராமரிப்பு ரோபோ எதையேனும் வாங்கியிருந்தது என்பது இதனால் வியப்பன்று.

மிஞ்சிய நேரம் யாருக்கு?

அப்படியானால் எந்திரம் வேண்டாமா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். ஆரவாரமின்றிப் பரவிய ஒரு கருவியைப் பார்ப்போம். படுக்கைக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு. படுத்திருப்பவரின் மூச்சையும் புரளலையும் அது உணர்ந்து, உறங்குகிறாரா, விழித்துக்கொண்டாரா, எழுந்து உட்கார்ந்தாரா என்று பணியாளர் அறையிலுள்ள திரையில் காட்டும். முன்பெல்லாம் இரவுப் பணியாளர் மணிக்கொருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து, விளக்கை அடித்துப் பார்ப்பார். நன்றாக உறங்கியவரும் அதனால் விழித்துக்கொள்வார். தகடு வந்த பிறகு, உறங்குகிறவர் உறங்கினார். எழுந்து தடுமாறுகிறவரிடம் பணியாளர் விரைந்து சென்றார். விழுந்து எலும்பு முறிவதற்கு முன்னரே கைகொடுக்க வாய்ப்புக் கிடைத்தது. இது நல்ல எந்திரம்.

இந்த நல்ல எந்திரத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வந்தது. எல்லாப் படுக்கைகளிலும் இத்தகைய கருவி பொருத்தி, பணியாளர்கள் ஒருவரோடொருவர் பேசும் கருவியையும் அணிந்திருந்தால், இரவில் இருக்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைச் சற்றுத் தளர்த்தலாம் என்று 2021இல் ஜப்பான் அரசு விதியை மாற்றியது. ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் நாட்டிற்கு அது தவிர்க்க முடியாத வழியாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் நடு இரவில் விழித்து, உடல்நோயால் அல்லாமல் மனக்கலக்கத்தால் அழைக்கும் ஒரு மூதாட்டியின் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார ஆள் வேண்டுமே! அவர் விழித்திருக்கிறார் என்று திரை சொல்லும். ஏன் விழித்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது.

எந்திரத்தின் நன்மை தீமை அதன் திறமையில் மட்டும் இல்லை. அது மிச்சப்படுத்தும் நேரத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. அந்நேரம் கட்டிலருகே திரும்பி வந்தால், எந்திரம் நோயாளிக்கு நண்பன். அந்நேரம் கணக்கேட்டில் சிக்கனமாக மறைந்துபோனால், எந்திரம் வந்ததால் நோயாளி ஒரு மனிதரை இழந்தார் என்றே பொருள்.

திருச்சபையும் இதனைக் கருதாமல் இல்லை. ரோபோக்களும் மனித நலமும் பற்றி 2019 பிப்ரவரியில் பாப்பிறை வாழ்வுக் கழகம் வத்திக்கானில் அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்தது. 2025 ஜனவரி 28ஆம் நாள் வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் ஏடு, செயற்கை அறிவு மருத்துவப் பணிக்குத் தரக்கூடிய நன்மைகளை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நோயாளிக்கும் பேணுகிறவருக்கும் உள்ள உறவின் இடத்தையே அது பிடித்துக்கொண்டால், நோயோடு வரும் தனிமை மேலும் கொடியதாகும் என்று எச்சரிக்கிறது.

நல்ல சமாரியனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காயமுற்றவனை அவன் தன் முதுகில் சுமக்கவில்லை. தன் வாகன விலங்கின்மேல் ஏற்றினான். அது குறைவான அன்பு என்று யாரும் சொன்னதில்லை. விலங்கு சுமந்தது, சமாரியன் காயத்தைக் கட்டினான், சாவடியில் உடனிருந்து கவனித்தான், மறுநாள் செலவுக்குப் பணமும் கொடுத்தான். சுமையை விலங்கிடம் விட்டதால் அவன் கைகள் ஓய்வுபெறவில்லை. வேறு பணிக்கு உதவின.

படுக்கையிலிருந்து பரிமாறுவோர்

இதுவரை கூறிய எல்லாவற்றிலும் நோயாளி உதவி பெறுகிறவராகவே இருந்தார். பெறுவது மட்டுமே வாழ்வாகிவிட்டால் மனம் நொந்துபோகும். 'நான் யாருக்கும் பயன்படவில்லையே' என்பது நெடுநாள் நோயாளியின் ஆறாத புண்.

கெந்தாரோ யோஷிஃபுஜி என்பவர் சிறுவயதில் உடல்நலக் குறைவால் மூன்றரை ஆண்டு பள்ளிக்குப் போகாமல் தனிமையில் வாடியவர். வளர்ந்தபின், தனிமையைப் போக்குவதற்கென்றே 'ஓரிஹிமே' என்னும் சிறு ரோபோவை அமைத்தார். இதற்குத் தன்னறிவு கிடையாது. வீட்டிலோ மருத்துவமனையிலோ படுத்திருக்கும் ஒருவர் இதன் கண்வழி பார்த்து, வாய்வழி பேசி, கைகளை அசைக்கலாம். சிறுவயது விபத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நண்பர் ஒருவர், படுக்கையிலிருந்தபடியே இதன்மூலம் அவருக்குச் செயலாளராகப் பணியாற்றினார். "செயலாளரானால் எனக்குக் காப்பி கொண்டுவர வேண்டாமா?" என்று யோஷிஃபுஜி வேடிக்கையாகக் கேட்க, "அதற்கேற்ற உடலைச் செய்து தாருங்கள்" என்று நண்பர் விடையளித்தாராம். நண்பர் 2017இல் காலமானார். அந்த எண்ணமோ 120 சென்டிமீட்டர் உயரமுள்ள, நடமாடிப் பரிமாறும் ரோபோவாக உருப்பெற்றது.

2021 ஜூனில் தோக்கியோ நகரின் நிஹோன்பாஷி பகுதியில் 'டான்' என்னும் சிற்றுண்டிச்சாலை திறக்கப்பட்டது. வருவோரை வரவேற்றுப் பரிமாறுபவை ரோபோக்கள்; அவற்றை இயக்குகிறவர்கள் நோயாலோ ஊனத்தாலோ வெளியே செல்வது கடினமாகிவிட்டவர்கள். அவர்களுள் விழியசைவால் மட்டுமே எந்திரத்தை இயக்குகிறவர்களும் உண்டு. அவர்கள் பெறுவது இரக்கப் பணமன்று, உழைத்த ஊதியம். வாடிக்கையாளரோடு ஊர்க்கதை பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். நோயாளியிடமிருந்து மனிதரை விலக்காமல், மனிதரிடம் நோயாளியைக் கொண்டுசேர்க்கிற எந்திரம் இது.

இல்லத்தார் எண்ணிப் பார்க்க

வாசக அன்பர்களே, பெற்ற தாயைத் தூக்குவதற்குக் கருவியை நாடுவது பாசக் குறைவு என்று எண்ணி, தம் முதுகை ஒடித்துக்கொள்ளும் மகளும் மருமகளும் உண்டு. அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. சக்கர நாற்காலியோ தூக்குக்கருவியோ படுக்கைத் தகடோ, பயன்தரும் எதையும் தயக்கமின்றி ஏற்கலாம். குற்றம் கருவியைப் பயன்படுத்துவதில் இல்லை. கருவி இருக்கிறதே என்று அறைப்பக்கம் போகாதிருப்பதில்தான் இருக்கிறது. வாங்குமுன் படுத்திருப்பவரையும் ஒரு சொல் கேளுங்கள். எந்த வேலைக்கு மனிதக் கரம் வேண்டும், எதற்கு எந்திரம் போதும் என்பதை நம்மைவிட அவர் நன்றாக அறிவார்.

நல்ல பராமரிப்பாளர்கள் நோயாளியைத் தொடுமுன், "அம்மா, இப்போது இடப்பக்கம் திருப்பப் போகிறேன், சரிதானே?" என்று சொல்லிவிட்டே தொடுகிறார்கள். ஜப்பானிலும் இது பயிற்சியின் முதற்பாடங்களுள் ஒன்று. இச்சொற்களை நாளை ஓர் எந்திரமும் பிழையின்றிச் சொல்லக்கூடும். 'சரி' என்று தாய் சொன்ன குரலில் வழக்கத்திற்கு மாறான ஒரு தளர்ச்சி இருப்பதைக் கேட்டு, திருப்புவதை நிறுத்திவிட்டு, "என்னம்மா, என்ன யோசனை?" என்று பக்கத்தில் உட்காருவதற்கு ஒருவர் வேண்டும். தூக்கும் சுமை குறைந்த கைகளுக்கு அந்த வேலை காத்திருக்கிறது.